மணிமண்டபத்தில் ஒரு வரலாற்று வகுப்பு

தேனி புதிய பேருந்து நிலையத்துக்குக் கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயர். கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கம் எந்த உரக்கடைக்குள் நுழைந்தாலும் தொப்பியும் மீசையுமாக அவருடைய படம் சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருக்கும். பாலார்பட்டியில் ஆண்டுதோறும் ஜனவரி 15 அன்று அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. ஆக, எங்கள் வகுப்பறைக்கு வரும் குழந்தை பாடநூலைத் திறப்பதற்கு முன்பே அவரை அறிந்துதான் வருகிறது.

ஆசிரியருக்கு இதனால் ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. ஆர்வத்தைப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை என்பது வசதி. ‘இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார்’ என்ற மனநிலையோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது தொல்லை. தெரிந்ததாக நினைக்கும் ஒன்றைக் கேள்வி கேட்கப் பழக்குவதுதான் வரலாற்றுப் பாடத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன். அதற்கு லோயர் கேம்ப்பில் உள்ள பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் போல் நல்ல பாடப்பொருள் எங்கள் வட்டாரத்தில் வேறில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு ஆறு பாடவேளைகளும் ஒரு நாள் களப்பயணமுமாக நான் நடத்திய பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். சிலையோ நடுகல்லோ நினைவுத்தூணோ இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் கிடையாது என்பதால், மற்ற ஊர் ஆசிரியர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் பின்னணி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் கொட்டும் மழை பெரியாறாக ஓடி அரபிக்கடலில் சேருகிறது. கிழக்கே மழை மறைவில் கிடப்பது வைகைப் படுகை. அந்த நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருடையது மட்டுமல்ல. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை இதற்காக ஆள் அனுப்பிப் பார்த்து, செலவு கட்டாது என்று கைவிட்டிருக்கிறார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் ஆய்வு செய்து, நடக்காத காரியம் என்று எழுதினார். 1850-ல் சிறிய அளவில் ஒரு முயற்சி தொடங்கி, காய்ச்சலாலும் கூலிப் பிரச்சினையாலும் நின்றுபோனது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகுதான் திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. அதற்கான புதிய வரைவும் மதிப்பீடும் தயாரிக்கும் பொறுப்பு 1882-ல் பென்னிகுயிக்கிடம் வந்தது.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். 1887-ல் தொடங்கிய அணை வேலை முடிந்து, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதைத் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் சேர்ந்த சுர்க்கிக் கலவையில் கட்டிய அணை அது. மலையைக் குடைந்து போட்ட சுரங்கம் ஏறத்தாழ 5,700 அடி நீளம். அதன் வழியே இறங்கும் நீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இந்த நீரை நம்பியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தினால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். நான் அப்படி நடத்தவில்லை. ஒப்பந்தத்தைக் கணக்கிலிருந்து தொடங்கினேன். ஆண்டு வாடகை மொத்தம் எவ்வளவு? 40,000 ரூபாய். குத்தகை எந்த ஆண்டு முடியும்? 2885. அந்த ஆண்டைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் சிரிப்பு. ‘அதுவரைக்கும் அணை இருக்குமா சார்?’ என்று ஒருவன் கேட்டான். ‘அப்படி எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்?’ என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர்கள் ஆட்சி இந்தியாவில் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு நீடித்தது என்பதைப் பிள்ளைகளே கழித்துப் பார்த்துக்கொண்டார்கள். வாடகை 1970-ல் ஏக்கருக்கு 30 ரூபாயாக மாற்றப்பட்டதையும் சொல்லி, புதிய தொகையைக் கணக்கிட வைத்தேன். கணக்கு ஆசிரியரின் ஒத்துழைப்பு கிடைத்தால் இதை இன்னும் விரிக்கலாம்.

அடுத்துப் பார்த்தது மணிமண்டபம் வந்த வரலாறு. அணை திறந்து நூறாண்டுக்கும் மேல் பென்னிகுயிக்குக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அரசு நினைவகம் என்று எதுவும் இல்லை. மதுரை தல்லாகுளம் பொதுப்பணித் துறை வளாகத்தில் 2000-ல் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. பள்ளத்தாக்கில் அவர் நினைவைக் காத்து வந்தவர்கள் விவசாயிகள்தாம். ஊர்ப் பெரியவர்களும் விவசாயச் சங்கங்களும் பொங்கல் வைத்து, படம் அச்சடித்து, மனுக் கொடுத்து வந்தார்கள். 2011 இறுதியில் அணைப் பிரச்சினை சூடாகி ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கி நடந்தபோது அவர் பெயர் மீண்டும் ஊரெங்கும் ஒலித்தது. 2012-ல் முதலமைச்சர் ஜெயலலிதா மணிமண்டபம் கட்டப்படும் என்று அறிவித்தார். பென்னிகுயிக் பிறந்த நாளான ஜனவரி 15-ல், 2013-ஆம் ஆண்டு, வெண்கலச் சிலையோடு அது திறக்கப்பட்டது. 2022-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. 1911-ல் அவர் காலமான ஊர் அது.

‘நினைவுச் சின்னம் எப்போது தோன்றுகிறது?’ என்ற கேள்விக்கு இந்த வரிசையே நல்ல விடை. ஒருவர் செயல் முடிந்த உடனே சிலை வந்துவிடுவதில்லை. அந்தச் செயலின் பயனுக்கு ஆபத்து வரும்போது, அல்லது வந்ததாக மக்கள் உணரும்போது, கல்லும் வெண்கலமும் தேவைப்படுகின்றன. 1895-க்கும் 2013-க்கும் இடையில் 118 ஆண்டுகள். ஏன் அந்த ஆண்டில்? யார் கேட்டார்கள்? யார் கொடுத்தார்கள்? இந்த மூன்று கேள்விகளை எந்த ஊர்ச் சிலைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

களப்பயணத்துக்குப் போகும்முன் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தாள் கொடுத்தேன். சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது, கல்வெட்டில் எத்தனை பெயர்கள், அவற்றில் அணை கட்டியவர்கள் எத்தனை பேர், மணிமண்டபம் கட்டியவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எந்த மொழியில் எழுதியிருக்கிறது, நம் வயதுப் பிள்ளைக்குப் புரியாத சொல் எது என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகள். ‘சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று அனுப்பினால் கைப்பேசிப் படங்களோடு திரும்புவார்கள். எண்ணச் சொன்னால் பார்ப்பார்கள். இது என் அனுபவம்.

திரும்பி வந்ததும் பெரிய அட்டையில் மூன்று பத்திகள் வரைந்தோம். முதல் பத்தி ஆவணம், இரண்டாவது நினைவு, மூன்றாவது நம்பிக்கை. பென்னிகுயிக்கைப் பற்றி அவரவருக்குத் தெரிந்த செய்தி ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி, உரிய பத்தியில் ஒட்ட வேண்டும். பிறந்தது 1841-ல் புனேயில், அது ஆவணம். அவருடைய தந்தையும் அண்ணனும் 1849-ல் சில்லியன்வாலா போரில் ஒரே நாளில் இறந்தார்கள், அதுவும் ஆவணம். பாலார்பட்டிப் பொங்கல் நினைவு. இதுவரை சிக்கல் இல்லை.

‘இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணை கட்டினார்’ என்ற சீட்டில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஏறக்குறைய எல்லோரும் அதை ஆவணம் என்ற பத்தியில் ஒட்டவே எழுந்தார்கள். எங்கள் பகுதியில் மேடை தவறாமல் சொல்லப்படும் செய்தி அது. திரைப்பட வசனத்தைவிடப் பிரபலமானது. ஆனால் அணை சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறைத் திட்டம். அரசின் அனுமதியோடு, அரசின் செலவில் நடந்தது. கட்டுமானத்தில் பங்கேற்ற பொறியாளர் மெக்கென்சி எழுதி 1899-ல் வெளிவந்த பெரியாறு திட்ட வரலாறு என்னும் விரிவான நூல் இருக்கிறது. சொத்து விற்ற செய்திக்கு ஆவணச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வருகிறார்கள். ‘அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாரா சார்?’ என்று ஒரு மாணவன் கேட்டான். முகம் சிவந்திருந்தது.

இந்த இடத்தில் ஆசிரியர் நிதானமாக இருக்க வேண்டும். ‘ஆமாம், அது கட்டுக்கதை’ என்று சொல்லிக் கடந்துபோனால் அந்தப் பிள்ளை அன்றைக்கே வரலாற்றை வெறுத்துவிடும். ‘தாத்தா சொன்னதுதான் சரி’ என்று விட்டுவிட்டால் நாம் எதற்கு? நான் வேறொரு கேள்வி கேட்டேன். ‘அரசு வேலைக்கு வந்த ஒரு பொறியாளரைப் பற்றி ஐந்து மாவட்டத்து மக்கள் இப்படி ஒரு கதை சொல்கிறார்கள் என்றால், அவர்கள் மனதில் என்ன இருந்திருக்கும்?’ அரை மணி நேரம் பேசினார்கள். சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்று சொன்னால் நன்றி சின்னதாகிவிடும் என்றாள் ஒருத்தி. நம் ஊரில் கோயிலுக்கோ ஊருணிக்கோ கொடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது ‘வீட்டை வித்துக் குடுத்தாரு’ என்று சொல்வது வழக்கம்தானே என்றான் இன்னொருவன். அந்தச் சீட்டு கடைசியில் நம்பிக்கை என்ற பத்திக்கு வந்தது. கேள்வி கேட்ட மாணவனே எழுந்து வந்து ஒட்டினான், ஆனால் அடியில் சிறிய எழுத்தில் ‘நன்றியால் வந்தது’ என்று சேர்த்தான். அதை நான் திருத்தவில்லை.

சொத்து விற்காவிட்டால் அவர் பெருமை குறைந்துவிடுமா என்ன? காட்டாற்று வெள்ளம் தொடக்க வேலைகளை அடித்துக்கொண்டு போன பிறகும், ஆளைக் கொல்லும் காய்ச்சலுக்கு நடுவிலும், அந்தக் காட்டில் திட்டத்தை நடத்தி முடித்தது போதாதா? இது என் கருத்து. வகுப்பில் சொன்னேன், ஏற்கச் சொல்லவில்லை.

பாடத்தின் கனமான பகுதி அடுத்த நாள் வந்தது. கல்வெட்டுப் பெயர்களை எண்ணிய தாள்களை எடுத்து வைத்து, ‘அணை கட்டியவர்கள் யார்?’ என்று கேட்டேன். ‘பென்னிகுயிக்.’ ‘அவர் கல் சுமந்தாரா?’ அமைதி. ‘யார் சுமந்தது?’

முதல் வேலையைத் தொடங்கியவர்கள் சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவு வீரர்கள். கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள். சுமைக்கும் கல்வேலைக்கும் சமவெளி ஊர்களின் கூலிகள் போனார்கள். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து பொருள்கள் கம்பிவடத்தில் மலையேறின. மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் வேலையை நிறுத்தியது. கட்டுமான காலத்தில் நோயால் இறந்தவர்கள் 483 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். எங்கள் பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும் வரிசைகளை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். வேறெதுவும் விளக்கத் தேவைப்படவில்லை.

அன்று வீட்டுப்பாடம் ஒரே கேள்வி: ‘நம் குடும்பத்தில் யாராவது அணை வேலைக்குப் போனதாகப் பேச்சு உண்டா?’ 38 பேரில் ஏழு பேர் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தன் அப்பத்தாவின் பாட்டனார் கல் உடைக்க மலைக்குப் போய்த் திரும்பவில்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பெயர் கேட்டால் அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. ‘போனவரு’ என்றுதான் வீட்டில் சொல்வார்களாம். இதை எந்தப் பத்தியில் ஒட்டுவது? ஆவணம் இல்லை. நம்பிக்கை என்றால் அந்தப் பெண்ணுக்கு வலிக்கும். நினைவு என்ற பத்தியில் ஒட்டினோம். ஏழு சீட்டுகளையும் சேர்த்து அந்தப் பத்திதான் அட்டையிலேயே நீளமாகிவிட்டது.

சாதாரண மனிதர்களின் பெயர் கல்லில் ஏறுவதே இல்லையா என்று கேட்டார்கள். ஏறுகிறது. தொலைவுக்குப் போக வேண்டாம், உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த ஊர்மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ல் போலீசார் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்காகவே அங்கு நினைவுத்தூண் நிற்கிறது. இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி: ‘சார், அணை கட்டுனதும் வெள்ளைக்காரங்க, சுட்டதும் வெள்ளைக்காரங்களா?’ நான் எழுதி வைத்திருந்த எந்தக் கற்றல் விளைவிலும் இந்தக் கேள்வி இல்லை. அணைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே 25 ஆண்டுகள், அரசு ஒன்றே. ஒரு அரசை மொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல்லில் அடக்க முடியாது என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடநூலாலும் காட்டிவிட முடியாது.

அமெரிக்காவிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னேன். டெக்சாஸ் மாநிலம் அமெரிக்காவோடு சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்து வரும் ஸ்பானிய, மெக்சிக வழியினரைத் தெஹானோ என்பார்கள். கால்நடைப் பண்ணைத் தொழிலை அங்கே கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனால் தலைநகர் ஆஸ்டினில் சட்டமன்ற வளாகம் முழுக்கச் சிலைகள் இருந்தும் அவர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. ஒரு மருத்துவர் இதைக் கவனித்துக் கேள்வி எழுப்ப, சமூகத் தலைவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் சேர்ந்து பத்தாண்டுக்கு மேல் உழைத்தார்கள். 2012 மார்ச் 29-ல் தெஹானோ நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதில் பிள்ளைகளைக் கவர்ந்த செய்தி வேறு. ஒரே ஒரு தலைவரின் உருவத்தை அங்கே வைக்கவில்லை. குதிரை மேல் மாட்டுக்காரர், மாடுகள், ஒரு குடும்பம் என்று உழைத்து வாழ்ந்தவர்களின் உருவங்கள். ‘அப்ப நம்ம ஊர்லயும் கல் தூக்குறவங்களுக்கு வைக்கலாமே’ என்று ஒருத்தி சொன்னபோது அடுத்த பாடவேளைக்கான வேலை தானாகக் கிடைத்தது.

ஒவ்வொரு குழுவும் அணைத் தொழிலாளர் நினைவுச் சின்னம் ஒன்றை வடிவமைத்து, அதற்குக் கல்வெட்டு வாசகம் எழுத வேண்டும். நிபந்தனைகள் இரண்டு. நாற்பது சொல்லைத் தாண்டக் கூடாது. சான்றில்லாத எதையும் எழுதக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் அவர்களைத் திணறடித்தது. பெயர் தெரியாதவர்களுக்கு எப்படிக் கல்வெட்டு எழுதுவது? ஒரு குழு 483 சிறு கற்களை அடுக்கிய மேடை ஒன்றை வரைந்து, எழுத்தே வேண்டாம் என்றது. இன்னொரு குழு கம்பிவடம், சுண்ணாம்புக் கூடை, காய்ச்சலில் படுத்திருப்பவர் என்று மூன்று உருவங்களை வரைந்தது. தமிழாசிரியர் அமர்ந்து வாசகங்களைத் திருத்திக் கொடுத்தார். தொடக்கப் பள்ளியில் நடத்துவோர் இந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண்ணில் செய்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அணை என்றாலே கேரளம் என்ற பேச்சு வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் பலரின் தாய்மார் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு அப்பால் ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். 2011 டிசம்பரில் எல்லை அடைபட்ட நாள்களில் வேலையிழந்து வீட்டில் இருந்ததை இன்றும் சொல்கிறார்கள். அதனால் ‘அவங்க’ ‘நாங்க’ என்று பேச்சுத் திரும்பும்போது, நான் உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பைக் கரும்பலகைக்குக் கொண்டுவருவேன். நீர்மட்டத்தை 142 அடி வரை தேக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பு எந்தக் கேள்விகளுக்கு விடை சொன்னது என்று படிக்க வைப்பேன். அணைக்குக் கீழே வாழும் கேரளத்துக் குழந்தை தன் ஆசிரியரிடம் என்ன கேட்கும் என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். நன்றாக எழுதினார்கள். தோட்ட வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக எழுதினார்கள்.

நடைமுறைக் குறிப்புகள் சில. ஜனவரி 15-ஐ ஒட்டி மணிமண்டபத்தில் விழாக் கூட்டம் இருக்கும்; பாடத்துக்கு அந்த நாள் உதவாது. ஜூன் மாதம் முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு அழைத்துப் போனால், சுரங்கத்தைத் தாண்டி வந்த நீர் ஓடுவதையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். புவியியல் பாடம் அங்கேயே முடிந்துவிடும். மூத்தவர்களிடம் கேட்டு எழுதும்போது சொன்னவர் பெயர், வயது, ஊர், தேதி நான்கையும் குறிக்கப் பழக்குங்கள். இன்றைக்குத் துண்டுச் சீட்டாக இருப்பது இருபது ஆண்டில் ஆவணமாகிவிடும். முல்லைப் பெரியாறு அணையின் வரலாற்றை நாவலாக்கிய அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ ஆசிரியர்கள் படிக்க வேண்டியது. வகுப்பில் பயன்படுத்தும்போது எது வரலாறு, எது புனைவு என்று பிரிக்கும் பயிற்சிக்கும் அது ஏற்றது.

அந்த மூன்று பத்தி அட்டை இப்போது எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருப்பவர்கள் புதிய சீட்டுகளோடு அதைத் தொடர்கிறார்கள். நினைவுப் பத்தியில் இடம் போதாமல், அடியில் இன்னொரு தாளை ஒட்டியிருக்கிறோம்.